மோர் குடித்த நாற்பத்தோராயிரம் வாசகர்கள்

"தலைப்புல ஃப்ளோரைடுன்னு வரக்கூடாதுன்னு சொல்லுதேன், நீங்க மறுபடியும்—"

"அது இல்லாம அதுல வேற என்ன சார் இருக்கு, அதுதானே—"

"நான் முடிச்சுக்கிடுதேன். வாசகர் ஒருத்தரு காலையில பல்லு தேய்க்கதுக்கு முன்னால போனை எடுக்காரு—"

"எடுக்கட்டும் சார், எடுத்தா—"

"எடுத்த உடனே 'குருவிகுளம் வட்டார ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடின் அளவு: சில குறிப்புகள்'னு வருது. அவரு என்ன செய்வாரு?"

"படிப்பாரு."

"போனை வச்சுட்டுப் பல்லு தேய்க்கப் போயிருவாரு."

"அந்தப் பல்லைப் பத்தித்தான் சார் எழுதியிருக்கேன்" என்றாள் பொன்செல்வி.

பயனுள்ள எழுத்துப் பரவலாக்க வாரியத்தின் சங்கரன்கோவில் துணை மையத்துக்கு இணை இயக்குநராக இருந்த அம்பலவாணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான், விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். அவர் தலைக்கு மேலே சுவரில் வாரியத்தின் முத்திரை வாசகம் பெரிதாக எழுதியிருந்தது: 'ஆழமானதை அகலமாக்குவோம்.'

பொன்செல்வி அதே ஊரில் ஒரு பாலிடெக்னிக்கில் வேதியியல் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவதும் உடைக்காததைக் கழுவி வைப்பதும் அவள் வேலை. மிச்ச நேரத்தில், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பாள். பார்த்ததை 'ஒரு டம்ளர் தண்ணி' என்ற பெயரில் ஒரு வலைப்பூவில் எழுதுவாள். அதற்குப் பதினோரு வாசகர்கள். ஒருவர் அவளே. இன்னொருவர் அவள் கணவன் இசக்கித்துரை, கை தவறி அழுத்தியதால் சேர்ந்தவன். மூன்றாமவர் கனடாவில் இருந்தார். அவர் மனிதர்தானா, ஏதாவது மெஷினா என்பதில் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

பதினொன்று போதும் என்றுதான் இருந்தாள், குருவிகுளம் பக்கம் இசக்கித்துரையின் சொந்த ஊரான செவக்காட்டுப்பட்டியில் புதிதாக போர் போடும்வரை. அறுநூறு அடியில் தண்ணீர் வந்தது. அதைப் பள்ளிக்கூடத் தொட்டிக்கு இணைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பாட்டிலில் பிடித்து வந்து பார்த்தாள். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாத ஃப்ளோரைடு நாலு புள்ளி இரண்டு இருந்தது. உடனே தொட்டி ஆபரேட்டர் கருத்தப்பாண்டியைப் போய்ப் பார்த்தாள். அவன் அவளுக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, பழைய கிணத்துல வாளி தரையைத் தட்டுது. இப்ப வந்து இந்தத் தண்ணி வேண்டாம்னா ஊர்ல என்னைய அடிப்பாவ."

"குடிக்க மட்டும் வேண்டாங்கேன் பாண்டி. துணி துவைங்க, செடிக்கு ஊத்துங்க. பிள்ளைகளுக்கு ஆத்துத் தண்ணியே இருக்கட்டும்."

"ஆத்துத் தண்ணி வாரத்துல ரெண்டு நாள்லா வருது."

"பிடிச்சு வச்சுக் கொடுங்க. இதைக் குடிச்சா பிள்ளைகளுக்குப் பல்லு காவியேறிப் போவும். பல்லோட நிக்காது, எலும்புக்கும் போவும்."

"சரி. இதை எங்கன எழுதியிருக்கிய?"

போனில் காட்டினாள். அவன் படிக்காமல் கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தான்.

"பதினோரு பேரா. எங்க ஊரு டீக்கடைப் பேப்பரையே இருபது பேரு படிக்கான். நாடு நகரமெல்லாம் படிக்கட்டும் மதினி. அன்னைக்கே வால்வைப் பூட்டி, சாவியை உங்க கையில கொண்டாந்து தாரேன்."

வால்வுச் சாவி என்பது ஒரு கை நீளத்துக்கு இரும்புக் கம்பி. அதை அவன் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு எங்கே போனாலும் கொண்டு போவான். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து அடுத்த வாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தொட்டிக்குத் திறப்பதாக ஏற்பாடு. அதற்குள் வாசகர்களைச் சேர்த்தாக வேண்டும். அதனால்தான் பொன்செல்வி, ராஜபாளையம் ரோட்டில் மோட்டார் பம்பு கடைக்கு மாடியில் இருந்த வாரியத்தின் படியேறினாள்.

கனமான விஷயங்களைப் பற்றிய வலைப்பூக்களைப் பரவலான மக்களிடம் கொண்டு சேர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது அந்த வாரியம். அங்கே வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர். வாரியத்தின் இணையதளத்தைப் படிப்பவர்கள் ஏழு பேர். எட்டாமவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

விண்ணப்பத்தில் 'உங்கள் எழுத்தால் பயன்பெறுவோர்' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: 'அனைவரும்', 'அனைவரும் மற்றும் மாணவர்களும்'. பொன்செல்வி இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'செவக்காட்டுப்பட்டிப் பிள்ளைகள் 112 பேர்' என்று எழுதியிருந்தாள். அம்பலவாணன் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"நூத்திப் பன்னிரண்டு. அதுவும் பிள்ளைங்க. அவங்க இதையெல்லாம் படிக்க மாட்டாங்களேம்மா."

"அவங்க குடிக்கப் போறாங்க சார். அவங்க அப்பா அம்மா படிச்சாப் போதும்."

"போதும்ங்கிற வார்த்தையே இந்த ஆபீஸ்ல கிடையாது. தலைப்பை அப்புறம் பாத்துக்கிடுவோம். நீங்க எளிமைப் பிரிவுக்குப் போங்க."

எளிமைப் பிரிவு என்பது அதே அறையில் மூன்றாவது மேஜை. ஆனாலும் நேராகப் போக முடியாது. வெளியே போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வர வேண்டும். மேஜையில் மாலதி இருந்தாள். கட்டுரையை வாங்கியதும் முதல் வரியில் பேனாவை வைத்தாள்.

"நாலு புள்ளி ரெண்டுன்னா என்னது?"

"லிட்டருக்கு மில்லிகிராம் மேடம்."

"எண் வேண்டாம். எண்ணைக் கண்டா நூத்துக்கு முப்பத்தாறு பேரு அந்த இடத்துலயே எந்திரிச்சுப் போயிருதாங்க."

"முப்பத்தாறும் எண்தானே மேடம்."

"அது நிர்வாகத்துக்கு. வாசகருக்குச் சொல்ல மாட்டோம்."

"எண் இல்லாட்டி எப்படிப் புரியும்? ஒன்றரைக்கு மேல இருக்கக்கூடாது, நாலுக்கு மேல இருக்கு. அதுதான் விஷயமே."

"ஒன்றரையும் கொஞ்சம்தான், நாலும் கொஞ்சம்தான். ரெண்டு இடத்துலயும் 'சிறிதளவு'ன்னு போட்டுருவோம்."

போட்டாள். அதன்பிறகு அந்த வாக்கியம் இப்படி இருந்தது: 'தண்ணீரில் சிறிதளவுக்கு மேல் இருக்கக்கூடாத ஒரு பொருள் சிறிதளவு இருக்கிறது.' மாலதி அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். நன்றாக ஓடியது.

"அடுத்தது இந்த ஊர்ப் பேரு. செவக்காட்டுப்பட்டின்னு போட்டா கடையநல்லூர்க்காரரு ஏன் படிக்கணும்? துபாய்ல இருக்கவரு ஏன் படிக்கணும்?"

"அவங்க படிக்க வேண்டாம் மேடம்."

மாலதி பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

"இங்க அப்படிப் பேசாதீங்கக்கா. பனவடலிசத்திரத்துக்காரரு ஒருத்தரு நிலக்கடலையில வேரழுகல் நோய் வருதுன்னு எழுதிக் கொண்டாந்தாரு. அவரும் உங்களை மாதிரித்தான், கடலை போட்டவங்க படிச்சாப் போதும்னாரு. நாங்க விடலை. அதைக் கடலைமிட்டாய் செய்முறையா விரிவாக்கிக் கொடுத்தோம். மூவாயிரம் பேரு படிச்சாங்க."

"வேரழுகல் என்னாச்சு?"

"அதைப் பத்தி அப்புறம் யாரும் எழுதிக் கொடுக்கலையே" என்று சொல்லிவிட்டு, செவக்காட்டுப்பட்டி என்று வந்த இடத்திலெல்லாம் 'நம் ஊர்' என்று மாற்றினாள். கட்டுரையின் தலையில் 'எளிமை செய்யப்பட்டது' என்று முத்திரை விழுந்தது.

ஐந்தாவது மேஜை பயன் பிரிவு. அங்கே இருந்த விஜய்சங்கர் இன்ஜினியரிங் படித்தவன், சுறுசுறுப்பானவன், கட்டுரைகளைக் கீழேயிருந்து மேலே படிப்பவன்.

"அக்கா, உங்க கட்டுரை பூரா 'குடிக்கக்கூடாது', 'கொடுக்கக்கூடாது'ன்னே இருக்கு. கூடாதுன்னா யாரு படிப்பா? வாசகருக்கு இதுல என்ன கிடைக்கு?"

"பிள்ளைக பல்லு தப்பும், எலும்பு தப்பும்."

"அது போகாம இருக்கிறது. நான் கேக்கது, புதுசா என்ன வருது?"

யோசித்துக்கொண்டே அவன் மேஜை டிராயரைத் திறந்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு பல் தேய்க்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. உள்ளே பற்பசை டப்பா இருந்தது. அதை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, இதைப் பாருங்க. ஃப்ளோரைடு உள்ளதுன்னு போட்டிருக்கான். பல்லுக்கு உறுதியாம்."

"தம்பி, அது துளியூண்டு. தேய்ச்சுட்டுத் துப்பிருதோம். இது வருஷக்கணக்காக் குடிக்கது."

"நீங்களே சொல்லுங்க, துப்புததுக்கே இவ்வளவு உறுதின்னா?"

பொன்செல்வி நெற்றியில் கையை வைத்தாள். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

"கம்பெனிக்காரன் ட்யூப்ல அடைச்சு விக்கான். நம்ம ஊர்ல அது சும்மாவே மண்ணுக்கடியில இருந்து வருது. இது உங்களுக்கே தோணலை பாத்தீங்களா. அதுக்குத்தான் எங்களை வச்சிருக்கு."

அரைமணி நேரத்தில் தலைப்புப் பிரச்சினையும் தீர்ந்தது. 'நம் ஊர்த் தண்ணீரில் ஒளிந்திருக்கும் பல் ரகசியம்: பற்பசை நிறுவனங்கள் சொல்லாத உண்மை.' கீழே தடித்த எழுத்தில், 'எழுதியவர்: பொன்செல்வி, வேதியியல் ஆராய்ச்சியாளர்.'

அவள் அம்பலவாணனின் மேஜைக்கு ஓடினாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டு, மறுபடி வந்தாள்.

"சார், இது நான் எழுதினதுக்கு நேர் எதிரு."

"எதிருன்னு ஏன் எடுத்துக்கிடுதீங்க? அகலம்னு எடுத்துக்கோங்க."

"என் பேரையாவது எடுத்துருங்க."

"பேரை எடுத்தா நம்பகத்தன்மை போயிருமே. ஆராய்ச்சி பண்ணுனது நீங்கதானே?"

"ஆராய்ச்சி சொல்லுதது வேற சார்."

"ஆட்சேபணை இருந்தா முறையா எழுதிக் கொடுங்க, ஏழாம் நம்பர் படிவம். ஆனா ஒரு விதி இருக்கு. அந்த ஆட்சேபணையை ஐநூறு பேரு படிச்சதுக்கு ஆதாரம் வைக்கணும். யாரும் படிக்காத எழுத்துக்கு வாரியம் பதில் சொல்லுததில்ல."

அன்று சாயங்காலமே தன் வலைப்பூவில் எழுதினாள், வாரியத்தின் கட்டுரையை நம்ப வேண்டாம், அந்தத் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகாது என்று. அதை ஒன்பது பேர் படித்தார்கள். கனடாக்காரரும் இன்னொருவரும் விலகியிருந்தார்கள். இசக்கித்துரை இருந்தான், வெளியேறுவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது.

கருத்தப்பாண்டிக்கு போன் போட்டாள்.

"பாண்டி, வாரியத்துல இருந்து எதாவது வந்தா நம்பாத. நான் முதல்ல சொன்னதுதான் சரி."

"அது தெரியும் மதினி, முதல்லயே சொல்லிட்டியளே. இப்ப எத்தனை பேரு படிச்சிருக்காவ?"

"ஒன்பது."

"கொறைஞ்சிருக்கே" என்றான் அவன், அனுதாபத்தோடு.

ஆடித்தபசு வந்தது. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்று சுவாமியைப் பார்க்கிற நாளில் சங்கரன்கோவிலில் ஊசி போட இடம் இருக்காது. ரத வீதியில் வாரியம் ஒரு கொட்டகை போட்டு, 'வாசகர் மோர்ப் பந்தல்' என்று பேனர் கட்டியது. மோர் இலவசம். ஆனால் முதலில் பேனரில் இருந்த கட்டம் போட்ட குறியீட்டை போனில் பிடிக்க வேண்டும். கட்டுரை திறக்கும். திறந்ததைக் காட்டினால் மோர். போன் இல்லாதவர்களுக்காக மாலதி ஒரு போனோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் விரலைப் பிடித்து அவளே அழுத்திக்கொள்வாள்.

வரிசை வடக்கு ரத வீதி வரைக்கும் நின்றது. கோயிலில் பிரசாதமாகப் புற்றுமண் வாங்குகிற வரிசை என்று நினைத்து வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களும் வாசகர்களாகித்தான் வெளியே போனார்கள். குருவிகுளத்திலிருந்து நடந்தே வந்திருந்த ஒரு பெரியம்மா நாலு தடவை சுற்றி வந்து நாலு டம்ளர் குடித்தாள். விஜய்சங்கர் அவளை 'ஆழ்ந்த வாசகர்' என்ற தலைப்பின் கீழே சேர்த்துக்கொண்டான்.

வாசகர் கருத்துகளும் உடனுக்குடன் குறித்துக்கொள்ளப்பட்டன. 'உப்பு பத்தலை.' 'கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருக்கலாம்.' 'இன்னொண்ணு தாங்க.' இதில் மூன்றாவதை, 'எழுத்தாளர் தொடர்ந்து எழுத வேண்டும்' என்ற வகையில் வைத்தார்கள்.

பொன்செல்வி பந்தலுக்கு எதிரே வெயிலில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

"அதுல எழுதியிருக்கதை நம்பாதீங்க. அது தப்பு."

"எதுல?" என்றார் மோர் மீசையோடு ஒருவர்.

"போன்ல வந்திச்சே, கட்டுரை."

"அதை யாரும்மா படிச்சா. மோருக்குல்லா நின்னோம்."

முப்பது நாற்பது பேரிடம் கேட்டாள். ஒருத்தரும் படித்திருக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அவளும் வரிசையில் நின்று ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தாள். அப்படி ஒரு வாசகர் கூடினார்.

மொத்தம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை மட்டும் வாரியம் மறைக்கவில்லை. பேப்பரில் வந்தது. வாட்ஸப்பில் வந்தது. இத்தனை பேர் அப்படி என்னத்தைப் படித்திருக்கிறார்கள் என்று செவக்காட்டுப்பட்டி டீக்கடையில் ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தார்கள். அதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்த ஒரே ஊர் அதுதான்.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. ஞாயிற்றுக்கிழமை கழிந்தால் திங்கட்கிழமை. மேடையிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பொன்செல்வி போனாள். குத்துவிளக்கு ஏற்றி, அம்பலவாணன் பேச எழுந்தார். மேடையில் அவர் பேச்சுத் தமிழ் பேசுவதில்லை.

"ஆழமான எழுத்து இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை என்று ஒரு குறை நெடுங்காலமாக இருந்துவந்தது. இன்று ஆள் இருக்கிறது. எழுத்திலிருந்து ஆழத்தை நீக்கிவிட்டால் அகலத்துக்கு எந்தத் தடையும் இல்லை என்பதை நமது மையம் நிரூபித்திருக்கிறது. ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை. ஆனால் நாற்பத்தோராயிரம் பேர் படித்துவிட்ட ஒன்றை நான் தனியாக உட்கார்ந்து படித்துச் சரிபார்ப்பது, அந்த வாசகர்களைச் சந்தேகிப்பதாகாதா? அந்தத் தவறை இந்த வாரியம் ஒருநாளும் செய்யாது."

கைதட்டல் எழுந்தது. பொன்செல்விக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் மைக் பக்கம் நகர்வதற்குள் அம்பலவாணன் கையைக் காட்டினார்.

"ஏற்புரை பிறகு. முதலில், இந்தக் கட்டுரையால் நேரடியாகப் பயன்பெற்ற வாசகர் ஒருவரை மேடைக்கு அழைக்கிறேன். செவக்காட்டுப்பட்டி திரு. கருத்தப்பாண்டி."

வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கருத்தப்பாண்டி ஏறி வந்தான். கையில் மஞ்சள் பை. பைக்கு வெளியே வால்வுச் சாவியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஒரு துண்டு போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்குப் பேச வராது" என்றான். "மதினி முதல்ல இந்தத் தண்ணி ஆகாதுன்னு சொன்னப்ப நான் கேக்கலை. பதினோரு பேருதான் படிச்சிருந்தாவ. இப்ப தண்ணி நல்லதுன்னு வந்ததை நாப்பத்தோராயிரம் பேரு. டீக்கடையில சத்தமா வாசிச்சாவ, ஊரே கேட்டிச்சு. பேஸ்டு வாங்குததைப் பாதிப் பேரு நிறுத்தியாச்சு. பள்ளிக்கூடத் தொட்டிக்குத் திங்கக்கிழமை திறக்கதா இருந்தது. எதுக்கு ரெண்டு நாளு பிந்தணும், இன்னைக்கே திறந்து விடுலேன்னு எல்லாரும் சொல்லுதாவ. மதினி கையால திறந்தா நல்லா இருக்கும்னுதான் சாவியையும் கொண்டாந்துட்டேன்."

மறுபடியும் கைதட்டல். பொன்செல்வி அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"திறக்கக்கூடாது பாண்டி. அது நான் எழுதினது இல்ல. செவக்காட்டுப்பட்டி போர்த் தண்ணியில ஃப்ளோரைடு நாலு புள்ளி ரெண்டு இருக்கு. ஒன்றரைக்கு மேல போகக்கூடாது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க."

எண்ணைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் எழுந்து பந்திக்குப் போனார்கள். மாலதி திரும்பி விஜய்சங்கரைப் பார்த்தாள். நூற்றுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அம்பலவாணன், எழுத்தாளர்கள் தன்னடக்கத்தில் இப்படிப் பேசுவது வழக்கம்தான் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

கருத்தப்பாண்டி மட்டும் அசையவில்லை. பையிலிருந்து சாவியை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதை அவளிடம் நீட்டுவதா, திரும்பப் பைக்குள் வைப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மைக் அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. அவன் தணிந்த குரலில்தான் கேட்டான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ரெண்டுலயும் உங்க பேருதான் போட்டிருக்கு மதினி. பதினோரு பேருக்கு ஒண்ணு எழுதியிருக்கிய, நாப்பத்தோராயிரம் பேருக்கு வேற ஒண்ணு எழுதியிருக்கிய. நான் ஊர்ல போயி எதைன்னு சொல்லட்டும்?"